சிலம்பில் கொலையும் தீர்ப்பும்

கொலை செய்பவன் கொடியவன். அவன் பிற மாந்தரினின்றும் வேறானவன் என்று எண்ணுவது உலக இயல்பு. அவ்வெண்ணம் மனத்திற்கு ஆறுதல் தருவது, ஆயின் உண்மையன்று. சிலப்பதிகாரத்தை ஊன்றிக் கற்பார்க்கு இது நன்கு புலனாகும். அக்காப்பியத்தில் உயிர் பறித்த கைகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை கொடுமையையே தொழிலாகக் கொண்டோர் கைகள் அல்ல.

கொலைக்களக் காதையை நோக்குக. ஊடிய தேவியின் சினம் தணிக்க விரையும் பாண்டியன், பொற்கொல்லன் சொற்கேட்டு, ஆராயாது ஆணையிடுகிறான். கோவலனை நேரிற் கண்ட காவலரோ, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர். அப்போது பொற்கொல்லன் கோவலன் செய்ததாக எதனையும் மெய்ப்பிக்கவில்லை. கள்வர் என்னும் இனத்தாரின் இயல்பையே விரித்துரைக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என அவர்க்குத் துணையாவன எட்டும் அவன் வாயில் அடுக்கடுக்காய் வருகின்றன. இளங்காவலன் ஒருவன் தான் முன்பு எதிர்ப்பட்ட கள்வன் கதையைக் கூறி, அரசன் ஒறுப்பானே என அஞ்சி, செய்யத்தக்கது யாதென வினவுகிறான். விடை பிறக்குமுன், கள்வெறி கொண்ட கல்லாதான் ஒருவனின் வாள் பாய்ந்துவிடுகிறது. அரசனின் விரைவு, கொல்லனின் வஞ்சம், காவலரின் அச்சம், குடியனின் வெறி ஆகிய நான்கும் கூடியே அக்கொலையை முடித்தன.

கண்ணகியின் சினமும் இவ்வாறே ஆராயத்தக்கது. இன்சொல்லன்றி அறியாத இல்லத்தரசி, மாநகரை எரியூட்டும் ஆற்றலாகிறாள். எனினும் அந்நிலையிலும் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விடுத்துத் தீயோரையே சேர்க எனத் தீக்கடவுளை ஏவுகிறாள். ஒருவன் தவற்றுக்கு ஒரு நகரம் எரிந்தது பெருங்கொடுமையே. ஆயினும் தீயோர் யார், அல்லாதார் யார் என்னும் வினா அவள் சினத்தினுள்ளும் அழியாது நின்றது.

அவ்வினா முற்றும் அழிந்துபட்ட இடம் ஒன்று உண்டு. கற்பிப்போர் பலரும் விரைந்து கடந்து செல்லும் இடம் அது. மழை பொய்த்து, வெப்புநோயும் வறுமையும் பாண்டிநாட்டை வருத்தியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் 1000 பேரைப் பத்தினிக்கு ஒரே பகலில் உயிர்ப்பலி ஊட்டினான். உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் இதனைக் கூறுகின்றன. அவர்கள் செய்த குற்றம் யாது? பொய்யுரைத்த ஒருவனின் தொழிலைத் தாமும் செய்ததே.

அக்கால நம்பிக்கை அத்தகையது என்பர் சிலர். மழை பெய்து நாடு செழித்ததன்றோ என்பர் வேறு சிலர். காப்பியமும் இச்செயலைப் பழிக்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் நம்பிக்கை ஒரு செயலுக்குக் காரணம் காட்டுமேயன்றி அதனை அறமாக்காது. கள்வர் இனத்தின் மேலேற்றிய பழியால் கோவலன் மாண்டான். கொல்லர் இனத்தின் மேலேற்றிய பழியால் ஆயிரவர் மாண்டனர். முன்னதற்குக் கண்ணீர் வடித்துப் பின்னதனை வாளா கடப்பது நடுநிலையாகாது.

குற்றம் செய்தானை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்கும் காப்பியத்திலேயே விடை உண்டு. வாழ்த்துக் காதையில் தெய்வமாகத் தோன்றும் கண்ணகி, பாண்டியன் தீதற்றவன் என்றும், தான் அவன் மகள் என்றும் மொழிகிறாள். வழக்குரை காதையில் அவனைக் கொடியவனாக்கிய அதே நாவே இதனைச் சொல்கிறது. இடையில் நிகழ்ந்தது யாது? சிலம்பினின்று மாணிக்கம் தெறித்த அளவில், தானே கள்வன் என உணர்ந்து அவன் உயிர் நீத்தான். அச்செயலையும் சேர்த்தெண்ணியே அவள் தீர்ப்பு மாறியது. தவற்றை மறைக்காமலும், தவறு செய்தானைத் தவற்றோடு மட்டும் ஒன்றாக்காமலும் வழங்கிய தீர்ப்பு அது.

ஆயிரவரின் பொருட்டுச் சிலம்பேந்தி வழக்குரைக்க அன்று எவரும் வரவில்லை. இன்று வகுப்பறையில் அவ்வழக்கை எடுத்துரைப்பது சிலம்பு கற்பார் கடன்.