உழைப்பிலிருந்து பிரிந்த முழவு: மேற்கு ஆபிரிக்க முழவுப் பட்டறைகள் பற்றிச் சில கருத்துகள்

ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உயர்நிலைப் பாடசாலை மாணாக்கருக்கென மேற்கு ஆபிரிக்க முழவுப் பயிற்சிப் பட்டறைகள் நடத்தப்பெறுகின்றன. மாணாக்கர் வட்டமாக அமர்வர்; ஒவ்வொருவர் முழங்காலிடையிலும் கிண்ண வடிவிலான ஜெம்பே; ஓரிரு மணி நேரத்திற் சில தாளக்கோலங்கள் பயிலப்படும். பிற பண்பாடுகளை மதித்தல் என்ற நன்னோக்கு இவற்றின் பின்னணியில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் இங்கு மதிக்கப்படுவது எது?

இவற்றிற் கற்பிக்கப்படும் தாளங்களுள் ஒன்று 'கஸ்ஸா'. கினியாவின் மலிங்கே மக்களிடையே வயலில் உழைப்போருடன் முழவரும் சென்று வாசிக்கும் தாளம் அது. 'சோலி' சிறுவரின் விருத்தசேதனச் சடங்கிற்குரியது. உழைப்போடும் சடங்கோடும் பிணைந்திருந்த இவை, பட்டறையில் வெறும் கைப்பயிற்சிகளாகிவிடுகின்றன.

சிதைவு பொருளில் மட்டுமன்று, இசையின் அமைப்பிலும் நிகழ்கிறது. மலிங்கே இசையில் ஒரு தாளத்தை இன்னதென இனங்காட்டுவது பெரும்பாலும் ஜெம்பே அன்று. கென்கெனி, சங்பன், துண்டுன்பா என்னும் மூன்று துனுன் முழவுகள் இணைந்தெழுப்பும் இன்னிசைக் கோலமே அது. மாட்டுத்தோல் போர்த்த இவை கோலால் அடிக்கப்படுவன. ஆட்டுத்தோல் ஜெம்பேக்களுள் ஓரிரண்டு துணைநிற்க, ஒன்று ஆடுவோரின் அடவுகளை நோக்கிப் பேசும். துனுனும் ஆடலும் இன்றி முப்பது ஜெம்பேக்கள் ஒருங்கே ஒலிப்பது, பல்லவியை விடுத்துத் தாளத்தை மட்டும் போடுவதை ஒத்தது.

இச்சுருக்கத்தைப் பாடசாலைகள் தொடக்கிவைக்கவில்லை. 1950களின் தொடக்கத்திற் பாரிசில் கெய்ட்டா ஃபொடேபா அமைத்த ஆபிரிக்க நடனக் குழு கிராமிய ஆடல்களை அரங்கிற்குக் கொணர்ந்தது. 1958இற் கினியா விடுதலையடைந்தபின் அது தேசியக் குழுவாயிற்று. குடியேற்ற ஆதிக்கம் இழிவுபடுத்திய கலைகளைத் தேச முதுசமாக்கிய அம்முயற்சி முற்போக்கானதே. எனினும் அரங்கு தன் நியதிகளையும் விதித்தது: கால அளவு சுருங்கியது, பங்குகொண்டோர் பார்வையாளராயினர். ஃபொடேபாவோ தாம் அமைச்சராயிருந்த அதே ஆட்சியின் சிறையில் 1969இல் மாண்டார். 1984இற் செகு தூரே மறைந்தபின் அரச ஆதரவு குன்ற, கலைஞர் பலர் பிறநாடுகளிற் போதனையை வாழ்வாதாரமாக்கினர். மாமடி கெய்ட்டா, ஃபமுது கொனாத்தே முதலியோர் தாளங்களின் சமூகச் சூழலை வற்புறுத்தியே கற்பித்தனர் என்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். அச்சூழலை விழுங்கிவிடுவது மணிக்கணக்கில் விலைபேசப்படும் பட்டறையின் அமைப்பேயாகும்.

இதனினும் பாரதூரமானது இதன் கருத்தியல் விளைவு. ஆபிரிக்கருக்குத் தாளம் குருதியில் ஊறியது என்ற எண்ணம் புகழ்ச்சி போலத் தோன்றும். உண்மையில், உடல் ஆபிரிக்காவிற்கு, அறிவு ஐரோப்பாவிற்கு என்ற பழைய பங்கீடே அது. 'ஆபிரிக்கத் தாளம்' என்ற கருத்தாக்கமே புனையப்பட்டது என்று கானா அறிஞர் கோஃபி அகாவு 1995இல் வாதிட்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பல்லாண்டுப் பயிற்சியால் வரும் நுண்ணறிவை ஒரு பிற்பகலில் எவரும் பெறலாம் என்று நம்பிச்செல்லும் மாணாக்கன் ஆபிரிக்காவை அறிந்தவனாகான்.

ஆயினும் பட்டறைகளைக் கைவிடுமாறு கூறுவது எமது கருத்தன்று. தன் அடி பிறரடியோடு பின்னும்போதே பொருள்பெறும் என்பதை மாணாக்கர் செவிவழியே உணர்வது, தனியாள் தேர்ச்சியையே அளவிடும் இசைப் பரீட்சைகள் தராத பேறு. முப்பது ஜெம்பேக்களுக்குப் பதிலாகப் பத்தும், ஒரு தொகுதி துனுன்களும் இருப்பின், எஞ்சியோர் ஆடலாம், பாடலாம். 'கஸ்ஸா'வில் வயலில் நின்றோரின் இடம் அவர்களுடையதாகும்.