வரிசையில் நிற்கும் இறைவன்

ஈகையைப் போற்றாத சமயம் உலகில் இல்லை. ஆயினும் ஈகையை ஓவியமாக்குவது எளிதன்று. கொடுப்பவரின் அருளை உயர்த்திக் காட்ட முற்படும் தூரிகை, பெறுபவரின் தாழ்வையும் தன்னை அறியாமலே பெரிதாக்கிவிடுகிறது. கிறித்தவச் சமய ஓவியம் இச்சிக்கலை எதிர்கொண்ட விதத்தை இரண்டு படைப்புகளைக் கொண்டு ஆராயலாம்.

முதலாவது, எல் கிரேக்கோ 1597க்கும் 1599க்கும் இடையில், ஸ்பெயினின் தொலேடோ நகரிலுள்ள புனித சூசையப்பர் சிற்றாலயத்திற்காகத் தீட்டிய 'புனித மார்ட்டினும் இரவலனும்'. உரோமைப் படைவீரரான மார்ட்டின், குளிரில் வாடிய ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் பிளந்து ஒரு பாதியை அளித்தார் என்பர். ஓவியத்தில் அவர் கவசம் பூண்டு வெண்குதிரைமேல் வீற்றிருக்கிறார். இரவலனோ ஆடையின்றித் தரையில் நிற்கிறான். அன்றிரவு அப்பாதியாடையை அணிந்து கிறிஸ்துவே மார்ட்டினின் கனவில் தோன்றினார் என்பதே கதையின் உயிர்நிலை. அது கதையறிந்தவருக்கு மட்டுமே புலப்படும். ஏனையோரின் கண் குதிரைமேல் இருப்பவரிடமே தங்கிவிடும்.

இரண்டாவது, பிரிட்ஸ் ஐகன்பெர்க்கின் 'ரொட்டி வரிசையில் கிறிஸ்து' என்னும் மரச்செதுக்கு ஓவியம். 1901இல் ஜெர்மனியின் கோலோன் நகரில் பிறந்த இவர், நாஜி ஆட்சியினின்று நீங்கி 1933இல் அமெரிக்கா சென்றவர். அதே ஆண்டு டோரதி டேயும் பீட்டர் மோரினும் நியூயார்க்கில் தொடங்கிய 'கத்தோலிக்கத் தொழிலாளி' இதழின் விலை ஒரு சென்டு. எழுத்தறியாதோரும் படத்தால் பொருளுணர வேண்டும் என்று டோரதி டே விரும்பினார். 1950ஆம் ஆண்டளவில் உருவான இப்படைப்பு அவ்விருப்பத்தை நிறைவேற்றியது.

இலவச உணவுக்காக ஏழைகள் வரிசையாக நிற்கின்றனர். கூனிய தோள்கள், பழைய மேலங்கிகள். அவர்கள் நடுவே கிறிஸ்துவும் ஒருவராய் நிற்கிறார். கொடுக்கும் கை எங்குமே இல்லை. மரச்செதுக்கில், கட்டையைச் செதுக்கி நீக்கிய இடம் வெண்மையாகவும் விட்ட இடம் கருமையாகவும் பதியும். ஆகவே, இருளிலிருந்து ஒளியைச் செதுக்கி எடுப்பதே அக்கலையின் இயல்பு. கிறிஸ்துவைச் சூழ்ந்த ஒளி அருகில் நிற்பவர்களின் உருவங்களையும் துலக்குகிறது. பசித்தோர்க்குச் செய்தது தமக்கே செய்தது என்னும் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரக் கருத்து, விளக்கவுரை வேண்டாமலே ஈண்டு விளங்குகிறது.

குறை கூறவும் இடமுண்டு. இவ்வரிசை ஏன் நீள்கிறது, வறுமைக்குக் காரணம் யாது என ஓவியம் வினவவில்லை. ஒளிவட்டம் இன்றேல் அவரை அடையாளம் காண இயலுமா என்ற ஐயமும் எழும். எனினும், அந்த ஐயமே காண்பவரை வரிசையின் மற்ற முகங்களை நோக்கித் திருப்புகிறது. ஈகைக்கு ஓர் அதிகாரமும் இரவச்சத்திற்கு ஓர் அதிகாரமும் வகுத்த குறளைப் பயின்ற மாணவர்க்கு, பெறுபவரின் மானம் புதிய பொருளன்று. எல் கிரேக்கோ ஈகையின் பெருமையை வரைந்தார். ஐகன்பெர்க் அம்மானத்தைக் காத்தார். சமய ஓவியத்தை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர், இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுதல் நன்று.