தூக்கிப் போடுமுன் ஒரு பட்டன் செல்: விண்டோஸ் 7

புனேயில் அப்பாவின் விண்டோஸ் 7 மேசைக் கணினி எந்த இணையதளத்தையும் திறக்கவில்லை. எங்கே போனாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்ற எச்சரிக்கைதான். பார்க்க வந்த மெக்கானிக், "மதர்போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் திரையின் வலது ஓரத்தைப் பார்த்தேன். தேதி 1 ஜனவரி 2009 என்றிருந்தது.

மின்சாரம் இல்லாதபோது கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற பட்டன் செல். அது தீர்ந்துபோனால் தேதி பழைய காலத்துக்குப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி உண்டு. 2009-ல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் எதுவும் செல்லாது.

புனேயின் தப்கீர் கல்லியில் உள்ள ஒரு கடையில் 40 ரூபாய்க்கு செல் கிடைத்தது. பழைய செல்லைக் கழற்றும் முன் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், ஹார்ட் டிஸ்க் இணைப்புக்கான சாட்டா வரியில் ஐடிஇ என்றிருக்கிறதா, ஏஹெச்சிஐ என்றிருக்கிறதா என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லைக் கழற்றும்போது அந்த அமைப்பு மாறிப்போனால் விண்டோஸ் 7 நீலத் திரையோடு நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பலர் பயப்படுவது இந்த இடத்தில்தான். செல்லை மாற்றியதும் 'இன்டர்நெட் டைம்' பகுதியில் 'அப்டேட் நவ்' அழுத்தினேன். தேதி பொருந்தவில்லை என்று மறுத்தது. தேதியை முதலில் கையால் சரிசெய்த பிறகே நேரம் ஒத்துப்போனது. இணையதளங்களும் திறந்தன.

அடுத்தது வேகம். எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியைத் திறந்து 'ஸ்டார்ட்அப்' பட்டியலைப் பார்த்தால், எப்போதோ தூக்கிப்போட்ட பிரிண்டரின் மென்பொருள் இன்னும் தினமும் எழுந்துகொண்டிருந்தது. அதையும் வேறு நான்கையும் நிறுத்தினேன். ஆன்டிவைரஸை மட்டும் தொடவில்லை. இந்த மாதிரி வேலைக்கு முன் 'சிஸ்டம் ரெஸ்டோர்' புள்ளி ஒன்று உருவாக்கிக்கொள்வது என் வழக்கம்.

அப்பாவுக்கு முக்கியம் தமிழ்த் தட்டச்சு. கன்ட்ரோல் பேனலில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தால் இடது ஆல்ட், ஷிஃப்ட் அழுத்தி மாறிக்கொள்ளலாம். ஆனால் வருவது இன்ஸ்கிரிப்ட் என்ற விசை அமைப்பு. 1986-ல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை தரப்படுத்திய அமைப்பு அது. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட சி-டாக் என்ற அரசு நிறுவனத்தின் மென்பொருள்கள் வழியாக நாடெங்கும் பரவியது. பல இந்திய மொழிகளுக்கும் ஒரே விசை வரிசை என்பது அருமையான யோசனைதான். ஆனால் தமிழ்99 என்ற விசை அமைப்பில் பழகிய விரலுக்கு அது வராது. விண்டோஸ் 7-ல் தமிழ்99 உள்ளிருப்பாக இல்லை. என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவியதும் அப்பா பழைய வேகத்தில் கடிதம் அடிக்கத் தொடங்கினார்.

விண்டோஸ் 7-ல் அமைப்புகளெல்லாம் கன்ட்ரோல் பேனல் என்ற ஒரே இடத்தில் கிடைப்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். விண்டோஸ் 10-ல் பாதி அங்கே, பாதி 'செட்டிங்ஸ்' என்று தேடியலைய வேண்டியிருக்கிறது.

ஆனால் விண்டோஸ் 7-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 14 ஜனவரி 2020-ல் முடிந்தது. அதற்கான குரோம் உலாவியும் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. கடிதம், பழைய புகைப்படம், பாட்டு, ஸ்கேன் வேலைக்கு இந்தக் கணினி தாராளமாகப் போதும். வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் இதில் திறக்க வேண்டாம். அப்பாவிடமும் அதையே சொல்லியிருக்கிறேன்.