வேலிக்கு அப்பால் ஒரு செவி

சங்க அகப்பாடல் ஒவ்வொன்றையும் யார், யாரிடம், எந்நிலையில் சொன்னது என்று விளக்கும் பழைய கூற்றுக் குறிப்புகளில், தலைவன் சிறைப்புறத்தானாக, தோழி தலைவிக்குச் 'சொல்லுவாளாய்'ச் சொல்லியது என்னும் வாய்பாடு அடிக்கடி வருவதைக் குறுந்தொகையும் நற்றிணையும் பயின்றோர் அறிவர். சிறைப்புறம் என்பது வேலியின் அப்புறம். களவில், அதாவது ஊரறியாமல் காதலர் கூடும் காலத்தில், தலைவன் அங்கே ஒதுங்கி நிற்கிறான். அவன் நிற்பதை அறிந்தும் அறியாதவள்போல, தினை முற்றிவிட்டதென்று தோழி தலைவியிடம் பேசத் தொடங்குகிறாள். தினையைக் கொய்துவிட்டால் கிளி ஓட்டும் வேலை இல்லை, வேலை இல்லையேல் தலைவியை வீட்டுக்குள்ளேயே காவலில் வைத்துவிடுவார்கள் (இதற்கு இற்செறிப்பு என்று பெயர்), பிறகு அவளை அடைய மணம் ஒன்றே வழி என்பதையெல்லாம் வேலிக்கு அப்பால் நிற்பவன் தானே கூட்டி உணர வேண்டும். மணந்துகொள் என்று முகத்துக்கு நேரே கேட்டால் அவள் இரந்தவளாவாள், அவனும் சாக்குத் தேட நேரும். தற்செயலாகக் காதில் விழுந்தது என்ற பாவனையோ இருவர் மானத்தையும் காத்து, முடிவை அவன் நெஞ்சுக்கே விட்டுவிடுகிறது.

தலைவன் எதிரிலேயே நிற்கும்போது இந்தப் பாவனை இன்னும் நுட்பமாகிறது என்பதற்கு, பாடியவர் பெயர் தெரியாத நற்றிணை 172ஆம் பாட்டைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது. விளையாட்டாக வெண்மணலில் அழுத்திய புன்னை விதை மறந்த நிலையில் முளைத்ததையும், நெய் கலந்த இனிய பாலூட்டி அதை வளர்த்ததையும், அது உங்களைவிடச் சிறந்தது, உங்கள் தங்கை என்று அன்னை சொன்னதையும் தோழி எடுத்துரைத்து, அதன் நிழலில் அவனோடு சிரித்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது என்கிறாள். மரம் தங்கையாகாது என்பது மூவரும் அறிந்ததே; ஆயினும் அந்த உறவை மெய்யாகவே மதித்து நாணும் அவள் சொல்லில், அங்கில்லாத அன்னையும் அவள் காவலும் இலைகளுக்கிடையே வந்து நின்றுவிடுகின்றன. சந்திக்கும் இடத்தை மாற்றச் சொல்வதாகவும், விரைவில் மணக்கத் தூண்டுவதாகவும் பழைய குறிப்பு இரு வழியும் காட்டுகிறது. இரண்டில் ஒன்றைத் துணிந்து மற்றதை விலக்குவது பாட்டுக்குச் செய்யும் குறையே. தோழியும் எதையும் வற்புறுத்தவில்லை. அவன் அருள்வதானால் அடர்ந்த நிழல் தரும் மரங்கள் வேறும் உண்டு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறாள்.