குளத்தின் தலைமாட்டில்

இலங்கையின் வறண்ட வலயத்தில் குளம் பார்க்கப் போகிறவர்கள் குளக்கட்டில் ஏறி நிற்பார்கள். பரந்து கிடக்கும் தண்ணீர், துருசு, மாரி நன்றாகப் பெய்திருந்தால் வான் பாயும் அழகு எல்லாம் அங்கிருந்து தெரியும். பொறியியலாளர்கள் வியந்ததும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத்தான். பெருங்குளங்களின் கட்டுக்குள் இறக்கிய ‘பிசோகொட்டுவ’ என்ற செவ்வகக் கிணறு, வெளியேறும் தண்ணீரை அடக்கி ஆளும் விதத்தை ஹென்றி பார்க்கர் 1909-இல் வெளிவந்த தம் நூலில் வியந்து எழுதினார். அந்தப் புகழ் தகும். ஆனால் குளம் கட்டியவனின் நுட்பம் முழுதாகப் பிடிபட வேண்டுமென்றால் தண்ணீர் உள்ளே வருகிற பக்கத்துக்கு, குளத்தின் தலைமாட்டுக்குப் போக வேண்டும்.

முதல் பார்வைக்கு அங்கே ஒன்றுமில்லை. மரம், புல், ஒரு தாழ்ந்த மண்வரம்பு, சேறு தேங்கிய குழி. காடு என்று நினைத்துக் கடந்துவிடலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காக அங்கே விடப்பட்டது, ஒவ்வொன்றுக்கும் சிங்களக் கிராமத்தில் தனிப் பெயர் உண்டு.

வடகீழ்ப் பருவமழை இறங்கும்போது மேட்டுச் சேனை நிலத்துச் செம்மண்ணை வாரிக்கொண்டுதான் வரும். அதை அப்படியே உள்ளே விட்டால் குளம் தூர்ந்துபோகும். பெரிய குளங்களுக்கு மேலே, காட்டுக்குள், ‘குளுவெவ’ என்று ஒரு சிறு குளம் இருக்கும். அதன் கீழே வயல் கிடையாது. வண்டலைப் பிடித்து வைப்பதே அதன் வேலை. ‘கொடவல’ என்ற குழியும் வண்டலைத் தாங்கும், காட்டு விலங்குகளின் தாகமும் தீர்க்கும். இருபுறச் சரிவிலும் ‘இஸ்வெட்டிய’ வரம்பு, அரித்துவரும் மண்ணை மறிக்கும். அடுத்தது ‘கஸ்கொம்மன’, மருத மரங்கள் நிற்கும் சோலை. குளம் நிறைந்து ததும்பும் நாளில் மட்டும் அவற்றின் அடிமரம் நனையும். காற்றை அவை தடுப்பதால் அலையும் அடங்கும், வெயில் குடிக்கும் தண்ணீரும் குறையும். நீருக்குள் பின்னிக் கிடக்கும் வேர்களில் மீன் குஞ்சு பொரிக்கும்.

இவ்வளவிலும் எனக்குப் பிடித்தது ‘பெரஹன’. சோலைக்கும் நீருக்கும் நடுவே கிடக்கும் வெறும் புல்வெளிதான் அது. கலங்கல் வெள்ளம் வந்து முட்டும் நேரத்தில் பாருங்கள். ஒரே ஓட்டமாக வந்தது நூறு இழைகளாகப் பிரிகிறது. ஒவ்வோர் இழையும் ஒரு தண்டில் இடித்து, விலகி, அடுத்த தண்டைச் சுற்றிப் போகிறது. வேகம் தளரத் தளர முதலில் பருமணல் விழுகிறது, பிறகு பொடிமணல், கடைசியில் வண்டல் புல்லடியில் படிகிறது. அந்த வண்டலிலேயே வேர்விட்டுப் புல் இன்னும் அடர்கிறது. எத்தனை அழுக்கு வந்தாலும் அதையே உரமாக்கிக்கொள்ளும் வடிகட்டியை வேறு எந்தத் தொழிலில் கண்டிருக்கிறோம்? பொறியியலாளர் ‘இன்ஃப்ளோ’ என்று ஓர் எண்ணாகக் குறிக்கும் விஷயம், இங்கே வரும் தண்ணீரின் குணத்தையே மாற்றும் கலையாகிவிடுகிறது.

இதே மனம் பேரளவில் வேலை செய்ததைப் பார்க்க ஜயகங்கைக்குப் போக வேண்டும். 5-ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலாவெவவிலிருந்து அனுராதபுரத்துத் திஸ்ஸவெவவுக்கு ஏறத்தாழ 87 கிலோமீட்டர் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய் அது. முதல் 17 மைல் தூரத்துக்கு மைலுக்கு 6 அங்குலம்தான் சரிவு. இந்தக் கணக்கைக் கேட்டு அசந்துபோகாதவர் இல்லை. அதைவிட நான் ரசிப்பது, கால்வாய்க்குக் கட்டியது ஒரே ஒரு கரை என்பதை. மறுபுறம் இயற்கையான மேட்டுநிலம், திறந்தே கிடக்கும். வழிநெடுக மேட்டிலிருந்து வடியும் மழைநீரெல்லாம் தானாக உள்ளே சேரும். பள்ளமான இடத்தில் கால்வாயே விரிந்து சிறு குளம்போல் தங்கும். இரு கரை போட்டு இறுக்கியிருந்தால் நீளமான குழாய் ஒன்று கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

கிராமக் குளங்களும் தனித்தனியே கிடப்பவை அல்ல. மேல்குளத்து வயல் குடித்து மிஞ்சியது கீழ்க்குளத்துக்கு வரத்து. ‘எல்லங்காவ’ எனப்படும் இந்தத் தொடரைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985-இல் ஆய்வுலகுக்கு விளக்கினார். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2017-இல் இதை உலகளாவிய வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றது.

ஆனால் புனரமைப்பு என்றாலே கட்டை உயர்த்து, வண்டலை அள்ளு என்றுதான் பேச்சு. மேலே பெரஹனவை உழுது வயலாக்கிவிட்டு, கீழே இயந்திரம் வைத்து அள்ளி என்ன பயன்? சில மாரிகளில் வண்டல் திரும்ப வந்துவிடும். முதலில் கொடவலவைத் தூர்வார வேண்டும், மருதங்கன்று நட வேண்டும், புல்வெளியை அளந்து இது குளத்து நிலம் என்று எல்லைக்கல் நாட்ட வேண்டும். கட்டு வேலை அடுத்த வருடம் நடக்கட்டும்.