மீகாமனும் மதகும்: ஒரு பாடத்திட்டம் பற்றிய விமர்சன நோக்கு

சைபர்-பௌதிகத் தொகுதிகள், இணையத்தோடு பிணைந்த கைத்தொழிற் கருவிகள் ஆகியன பற்றிய கோடைகாலப் பள்ளிகள் இன்று பல நாடுகளிலும் நடைபெறுகின்றன. ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் அத்தகையதொன்று நடைபெறுமாயின், அதன் பாடத்திட்டம் எவ்வாறு அமைதல் வேண்டும்? கல்முனைக் கரையோரத்து மாணவருக்கு இது வெறுந் தொழில்நுட்ப வினாவன்று.

முதலிற் சொல்லை நோக்குவோம். நோபேட் வீனர் 1948 இல் தம் நூலுக்குச் 'சைபர்நெற்றிக்ஸ்' எனப் பெயரிட்டபோது, கப்பலைச் செலுத்துபவனைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லையே அடியாகக் கொண்டார். தமிழில் அவன் மீகாமன். சுக்கானைத் திருப்பி, அதன் விளைவைக் கண்டு, மீண்டுந் திருத்துபவன் அவன். இதனையே பின்னூட்டல் என்பர். 2006 அளவில் அமெரிக்காவில் ஹெலன் கில் வழங்கிய 'சைபர்-பௌதிகத் தொகுதி' என்ற தொடரும் இக்கருத்தோடு உறவுடையதே. உணரி அளக்கின்றது, கணினி முடிவுசெய்கின்றது, மோட்டர் இயங்குகின்றது, மாறிய உலகை உணரி மீண்டும் அளக்கின்றது.

ஆய்வுகூட மேசையில் வெப்பத்தை அளந்து மின்விளக்கை எரியச்செய்யும் பயிற்சி தொடக்கத்திற்கு ஏற்றதே. ஆயின், அங்கு கட்டளைக்கும் விளைவுக்கும் இடையே தாமதம் இல்லை. வாய்க்காலிலோ, தலைமதகில் திறந்த நீர் கடைசி வயலை அடையப் பல மணிநேரமாகும். இத்தாமதத்தைக் கருதாத கட்டுப்பாடு, கீழே நீர் குறைவெனக் கண்டு மிகத் திறந்து, பின் வெள்ளங் கண்டு மிக அடைத்து, இரண்டிற்குமிடையே அலைக்கழியும்.

1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இவ்வகையில் நமக்கு வாய்த்த பாடநூலாகும். அதன் இடதுகரை வாய்க்காலில், கடைப்பகுதித் தமிழ் பேசும் உழவருக்கு நீர் அரிதாகவே எட்டியது. 1981 இல் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து உழவரிடையே இளம் அமைப்பாளரை அனுப்பின. நீர்த்தேக்கம் வற்றியிருந்த அவ்வாண்டிலும், மேற்பகுதி உழவர் வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, முறைவைத்துப் பாய்ச்சி, மிஞ்சிய நீரைக் கீழே விட்டனர். நோமன் அப்ஹொவ் 1992 இல் வெளியிட்ட நூல் இதனை விரித்துரைக்கின்றது. அங்கு உழவனின் கண்ணே உணரி. உழவர் கூட்டமே செய்தி வழி.

கருவி வந்தால் மனிதரை விலக்கிவிடலாம் என்பது மயக்கம். 2000 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மறூச்சிப் பகுதியில், கழிவுநீர்த் தொகுதிக்கு ஒருவர் அத்துமீறி வானொலிக் கட்டளைகளை அனுப்பியமையால், ஏறத்தாழ 8 இலட்சம் லீற்றர் கழிவுநீர் வெளியேறிப் பூங்காக்களிலும் நீர்நிலைகளிலும் கலந்தது. ஆணையிடும் உரிமை எவரிடம் உள்ளது என்பது பாதுகாப்புப் பற்றிய வினா மட்டுமன்று. நீதி பற்றிய வினாவுமாகும்.

நம் பிரதேசத்திற் கோடை என்பது சிறுபோகம். நீர் அருகும் பருவம். எனவே, அப்பள்ளியின் ஒரு பகுதியேனும் வாய்க்காற் கடைசியில், வட்டவிதானையாரையும் ஆசிரியராகக் கொண்டு நடைபெறல் வேண்டும். நீர்மட்ட அளவு பொறியியலாளரின் திரையில் மட்டுமன்றி, கடைசி வயற்காரரின் கைபேசியிலும் அவர்தம் மொழியிலே தோன்றுதல் வேண்டும். அவர் அளிக்கும் மறுமொழி மதகை அசைத்தலும் வேண்டும். அவ்வாறன்றேல், அங்கு கருவிகள் இருக்கும், மீகாமன் இரான்.