மனப்பாட வசனமும் பிடி அரிசியும்

முத்துக்குளித்துறையில் சவேரியார் ஊர் ஊராக நடந்த காலத்தில், நோயாளிகளின் வீடுகளிலிருந்து அவருக்கு ஓயாமல் அழைப்பு வந்தது. ஒருவரே எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? ஜெபங்களை மனப்பாடம் செய்திருந்த சிறுவர்களை அனுப்பிவைத்தார். அவர்கள் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, படுத்திருப்பவர் அருகில் விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதைக் குறிப்பிடுகிறார். பிள்ளைகளுக்கு அன்பைப் பழக்கும் நம் மரபை நான் இந்த நோயாளி வீட்டிலிருந்துதான் தொடங்குவேன். அங்கே மனப்பாடமும் ஊழியமும் இன்னும் பிரியவில்லை.

பிறகு வந்தது ஞானோபதேச மரபு. 1579-இல் கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' கேள்வியும் பதிலுமாக அமைந்த நூல். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் கொண்டுவந்தார். இதையெல்லாம் கிளிப்பிள்ளைப் பாடம் என்று தள்ளுவோர் லுத்தரின் விளக்கத்தை நின்று படிப்பதில்லை. கொலை செய்யாதே என்ற கட்டளைக்கு, அயலானின் உடலுக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதோடு அவன் தேவையில் உதவவும் வேண்டும் என்கிறார். திருடாதே என்றால் அவன் உடைமையைக் காக்கத் துணைநிற்பது. 'செய்யாதே' என்பதை 'செய்' என்று திருப்பிப்போடும் இந்த முறை ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எட்டும். அடுத்தவன் பென்சிலை எடுக்காதே. கீழே விழுந்திருந்தால் எடுத்துக் கொடு.

ஞாயிறு பள்ளியின் பிறப்பே ஓர் இரக்கச் செயல். 1780-இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ், வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாளில் எழுத்தறிவு கொடுக்க முனைந்தார். நம்மிடம் அது வசனம் ஒப்புவித்தல், தேர்வு, பரிசளிப்பு என்று வளர்ந்தது. கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் அபிநயப் பாட்டும் கைவேலையும் சேர்ந்தன. உற்சாகத்துக்குக் குறைவில்லை, ஆனால் பத்து நாளில் முடிந்துவிடுகிற உற்சாகம்.

கத்தோலிக்கர் வேறு வழியில் போனார்கள். 1843-இல் பிரான்சின் நான்சி மறைமாவட்ட ஆயர் ஃபோர்பின்-ஜான்சன் தொடங்கிய பாலர் சபை பிள்ளைகளிடம் கேட்டவை இரண்டே: நாளுக்கு ஒரு சிறு ஜெபம், மாதத்துக்கு ஒரு காசு. தூரதேசத்துப் பிள்ளைகளுக்காக இங்குள்ள பிள்ளைகள். அளவு சிறியது, ஆனால் விடாமல் செய்வது. ஒரே குறை, காசை அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம்.

அந்தக் குறை பிடி அரிசியில் இல்லை. சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு ஆலயத்துக்குக் கொண்டுபோவது தென்தமிழகச் சபைகளின் பழைய வழக்கம். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைகளில் இதே வழக்கம் 1910-இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. அள்ளிப்போடும் வேலையைப் பிள்ளையிடம் விட்டால், தான் உண்ணப்போகும் உலையிலிருந்தே அந்தப் பிடி போகிறது என்பதை அது கண்ணால் பார்க்கிறது. பெறுகிறவர் முகத்தை மட்டும் அது பார்ப்பதில்லை. ஆகவே கலயத்தோடு ஒரு வீடும் வேண்டும் என்பேன்: தெருக்கோடிப் பாட்டிக்குத் தண்ணீர் மொண்டு வைப்பது, காய்ச்சலில் கிடக்கும் வகுப்புத் தோழனுக்கு வீட்டுப்பாடத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது.

இதற்கு மதிப்பெண் போடலாமா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. போடக்கூடாது. பரிசு வைத்த அன்றே பிள்ளை பாட்டியை விட்டுவிட்டுப் பரிசைப் பார்க்கும். வருகைப் பதிவை எடுக்கும்போது போகிறபோக்கில், "பாட்டிக்கு எந்தக் காலில் வலி?" என்று கேளுங்கள். போய் வந்த பிள்ளைக்குப் பதில் தெரியும். தெரியாத பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். அடுத்த வாரம் ஆசிரியரே கூடப் போய்வரட்டும்.